வீட்டுத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புகளில், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்று அது தோப்புகளைத் தாண்டி, ஊர்களுக்குள் வீட்டுக்கு ஒன்றிரண்டாக நிற்கும் தென்னைகளிலும் பரவியிருக்கிறது. தோப்பு வைத்திருப்பவர்களுக்கான பரிந்துரைகள் ஏக்கர் கணக்கில் கிடைக்கின்றன. கிணற்றடியில் ஒரு மரமும் வாசலில் ஒரு மரமுமாக வைத்திருப்பவர்கள், அந்தப் பரிந்துரைகளில் எது தமக்குப் பொருந்தும், எதைச் செய்தால் கெடுதல் என்று கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

எங்கள் தென்னையின் ஓலைகள் கரி பூசியதுபோல் கருத்துவிட்டன. இது வெள்ளை ஈயின் வேலையா?

பெரும்பாலும் ஆம். ஆனால், அந்தக் கருமை பூச்சியன்று. அது ஒரு பூசணம். வெள்ளை ஈயின் குஞ்சுகளும் வளர்ந்த ஈக்களும் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. உறிஞ்சியதில் மிஞ்சும் சர்க்கரையைத் தேன் போன்ற பிசுபிசுப்பான கழிவாக வெளியேற்றுகின்றன. அந்தக் கழிவு கீழே சொட்டி, அடுத்த அடுக்கிலுள்ள ஓலைகளின் மேற்பரப்பில் படிகிறது. அதன்மேல்தான் கரும்பூசணம் வளர்கிறது. எனவே, கருத்த ஓலையைக் கண்டால் அதற்கு மேலுள்ள மட்டையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஈ அங்கேதான் இருக்கும். இனிப்பைத் தேடி எறும்புகள் மரத்தில் ஏறி இறங்குவதும் இதற்கு ஓர் அடையாளம்.

இது சுருள் வெள்ளை ஈதான் என்று எப்படி உறுதிப்படுத்திக்கொள்வது?

கைக்கெட்டும் உயரத்தில் உள்ள ஓர் ஓலையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சாதாரணக் கைலென்சு இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஓலையின் அடியில் வெள்ளை மெழுகுத் தூளால் வரைந்த வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு செல்வதைக் காணலாம். அந்தச் சுருளின் வழியேதான் தாய் ஈ முட்டைகளை வைத்துச் செல்கிறது. முட்டைகள் வெளிர்மஞ்சள் நிறத்தில் நீள்வட்டமாக இருக்கும். முட்டையிலிருந்து வரும் முதல் பருவக் குஞ்சு சற்று ஊர்ந்து சென்று ஓரிடத்தில் வாயை ஊன்றிவிடும். பிறகு பெரிய ஈயாகும் வரை இடம் மாறாது. அடுத்த பருவங்களில் அதன் உடலைச் சுற்றிப் பஞ்சு போன்ற மெழுகு இழைகள் வளர்கின்றன. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பெரிய ஈயாக மாற ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

வளர்ந்த ஈ ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். காய்கறிச் செடிகளில் நாம் பார்த்துப் பழகிய வெள்ளை ஈயைவிட இது ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. இறக்கைகளில் வெளிர்பழுப்பு நிறத்தில் ஒழுங்கற்ற பட்டைகள் இருக்கும். மந்தமான பூச்சி, ஓலையை அசைத்தால் சட்டெனப் பறந்து மறையாமல் சற்று எழுந்து மீண்டும் அங்கேயே அமர்ந்துவிடும்.

தென்னையில் வரும் எல்லாப் பாதிப்பையும் இந்த ஈயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஓலைகள் காய்ந்து தீய்ந்ததுபோல் தெரிந்து, அடிப்பக்கத்தில் நூலாம்படை போன்ற கூடுகள் இருந்தால் அது கருந்தலைப் புழு. விரிந்த ஓலைகள் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வடிவில் தெரிந்தால் அது காண்டாமிருக வண்டு. தண்டில் ஓட்டையும் அதிலிருந்து வடியும் செம்பழுப்பு நீரும் தென்பட்டால் அது சிவப்புக் கூன்வண்டாக இருக்கக்கூடும். உடனே கவனிக்காவிட்டால் மரம் போய்விடும். வெள்ளை ஈயைப் பற்றிய பதற்றத்தில் கூன்வண்டைத் தவறவிடுவது பெரிய இழப்பு என்பதால்தான் இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஈ எங்கிருந்து வந்தது?

இதன் தாயகம் மத்திய அமெரிக்கா. பெலீஸ் நாட்டில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு 2004-ஆம் ஆண்டில் இதற்கு அலியூரோடிகஸ் ருகியோபெர்குலேட்டஸ் என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. 2009-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி நகரப் பகுதியின் தெருவோர மரங்களிலும் பனை வகைகளிலும் பெருகிப் பெருந்தொல்லை கொடுத்தது. 2016-இல் பொள்ளாச்சியிலும் அதையொட்டிய பாலக்காட்டுப் பகுதியிலும் காணப்பட்டு, அடுத்தடுத்து கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எனப் பரவியது.

மரம் பட்டுப்போய்விடுமா? காய்ப்பு குறையுமா?

நன்கு வளர்ந்த தென்னை இந்த ஈயால் மட்டும் பட்டுப்போவதில்லை. ஆனால், சாறு உறிஞ்சப்படுவதாலும், கரும்பூசணம் ஓலையை மூடி வெயிலை மறைப்பதால் உணவு தயாரிக்கும் திறன் குறைவதாலும், மரம் தளர்ந்து காய்ப்பு பாதிக்கப்படலாம். ஏற்கெனவே தண்ணீரும் உரமும் இல்லாமல் நலிந்திருக்கும் மரத்தில்தான் இந்தத் தளர்ச்சி கூடுதலாகத் தெரிகிறது. கன்றுகளும் நட்டுச் சில ஆண்டுகளே ஆன இளமரங்களும் தனிக் கவனம் பெற வேண்டியவை.

பயந்துபோய் மரத்தையே வெட்டிவிட்டவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது வருத்தமாக இருக்கிறது. ஓலை கருத்திருக்கிறது என்பதற்காக ஒரு தென்னையை வெட்ட வேண்டிய தேவை எந்த நிலையிலும் இல்லை. குருத்து நலமாக இருந்து புதிய மட்டைகள் பச்சையாக விரிந்துகொண்டிருந்தால் அந்த மரம் மீண்டுவிடும்.

தென்னையை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. வாழை, கொய்யா, மா, சப்போட்டா, சீத்தா, பாதாம் மரம், கல்வாழை, பாக்கு எனப் பலவற்றிலும் இந்த ஈ வாழும். தெருவோரப் பாதாம் மரத்தின் அடியில் நிறுத்திய வண்டி பிசுபிசுத்துப் போனால், அந்த மரத்தின் இலையையும் திருப்பிப் பார்க்க வேண்டும். கொய்யாவிலும் மரவள்ளியிலும் செம்பருத்தியிலும் காணப்படும் இன்னொரு சுருள் வெள்ளை ஈ, 1993-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. இப்போதைய ஈக்கு நெருங்கிய உறவு. வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நல்லவேளையாக, வீட்டளவில் இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

மழைக்காலத்தில் காணாமல் போய்விட்டு, கோடையில் மறுபடியும் பெருகுவது ஏன்?

வெப்பமும் வறட்சியும் இந்த ஈக்கு உகந்தவை. பலத்த மழை முட்டைகளையும் குஞ்சுகளையும் அடித்துக்கொண்டு போவதோடு கரும்பூசணத்தையும் கழுவிவிடுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தக் கழுவுதல் நடப்பதில்லை. பொள்ளாச்சியில் இந்த ஈ தலைகாட்டிய 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை மிக மோசமாக ஏமாற்றியதை இங்கே நினைவுகூரலாம். மாசி, பங்குனி தொடங்கி மழை வரும் வரை வாரம் ஒருமுறையாவது கீழ்மட்டைகளைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

நல்ல பூச்சிமருந்தாக வாங்கி ஒரே தடவையில் அடித்துவிட்டால் தீர்ந்துவிடாதா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இதற்கான விடை, தயவுசெய்து அடிக்க வேண்டாம் என்பதே. காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவதாக, மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. ஈ இருப்பது நாற்பது அடி, ஐம்பது அடி உயரத்தில், ஓலையின் அடிப்பக்கத்தில், மெழுகுப் பஞ்சுக்குள். கீழிருந்து தெளிக்கும் மருந்தில் பெரும்பகுதி காற்றோடு பக்கத்து வீட்டு மாடிக்கும், துணிக்கொடிக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும், கிணற்றுக்கும்தான் போகும். குழந்தைகள் விளையாடும் தெருவில், இளநீர் வெட்டிக் குடிக்கும் மரத்தில் இது செய்யத்தக்க காரியமன்று.

இரண்டாவதாக, ஈக்கு இங்கே எதிரி இருக்கிறது. மருந்து அந்த எதிரியைத்தான் முதலில் கொல்லும். ஈயின் குஞ்சுகளுக்கு மெழுகுக் கவசம் உண்டு. அவற்றைத் தேடி ஓலை ஓலையாக அலையும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிக்கு எந்தக் கவசமும் இல்லை. மருந்து அடித்த சில நாள்களுக்கு ஈ குறைந்ததுபோல் தோன்றும். எஞ்சிய முட்டைகள் பொரித்து வரும்போது அவற்றைக் கட்டுப்படுத்த ஒருவரும் இருக்க மாட்டார்கள். எனவே முன்பைவிடக் கூடுதலாகப் பெருகும். பாளையில் மகரந்தம் தேடி வரும் தேனீக்களும் இதில் சேர்ந்தே மடியும்.

வேர் மூலம் மருந்து கட்டும் பழைய வழக்கத்தைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். அதற்கு நெடுங்காலம் பயன்பட்டுவந்த மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலை மத்திய அரசே 2023-இல் தடை செய்துவிட்டது. யாராவது பழைய இருப்பிலிருந்து கொண்டுவந்து கட்டித்தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மருந்தை நம்பாமல் எதிரிப் பூச்சியை நம்பலாம் என்பதற்குக் கொங்கு மண்டலத்திலேயே சான்று உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி எனப் பலவற்றையும் அழித்தது. எவ்வளவு மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெருக்கி விட்ட பிறகுதான் அது அடங்கியது.

அந்த ஒட்டுண்ணிக் குளவி எது? அது எங்கள் மரத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதன் பெயர் என்கார்சியா குவாடெலூப்பே. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது, மனிதரைக் கொட்டாது. பழைய சுருள் வெள்ளை ஈயைப் பின்தொடர்ந்து நம் நாட்டுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த இந்தக் குளவி, புதிய ஈ வந்ததும் அதையும் தாக்கத் தொடங்கியது. தாய்க்குளவி வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். குளவியின் புழு அந்தக் குஞ்சை உள்ளிருந்தே தின்று வளரும். மருந்து தெளிக்காத தோப்புகளில் ஈயின் குஞ்சுகளில் 60 சதவீதத்துக்கு மேல் இவ்வாறு தாக்குண்டிருந்தது பதிவாகியுள்ளது.

குளவியைக் கண்ணால் காண்பது அரிது. அதன் தடயத்தை எளிதாகக் காணலாம். கைலென்சைக் கொண்டு ஓலையின் அடியில் உள்ள, இடம் மாறாத பெரிய குஞ்சுகளைப் பாருங்கள். மெழுகை ஒரு மென்மையான தூரிகையால் விலக்கினால், நலமான குஞ்சு வெளிர்மஞ்சளாகவும், குளவி உள்ளே வளரும் குஞ்சு கருத்தும் தெரியும். காலியான கூடுகளிலும் வேறுபாடு உண்டு. ஈ வெளிவந்த கூட்டின் முதுகில் ஆங்கில ‘T’ எழுத்தின் வடிவில் ஒரு பிளவு இருக்கும். குளவி வெளிவந்த கூட்டில் ஊசியால் குத்தியதுபோல் ஒழுங்கான வட்டத் துளை இருக்கும். ஓர் ஓலையில் கருத்த குஞ்சுகளும் வட்டத் துளைகளும் பாதிக்கு மேல் தெரிந்தால், அந்த மரத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. குளவியை அதன் வேலையைச் செய்ய விட்டுவிடலாம்.

குளவியைத் தவிர, கிரைசோபெர்லா, அப்பெர்டோகிரைசா போன்ற கண்ணாடி இறக்கைப் பூச்சிகளின் புழுக்களும் பொறிவண்டுகளும் ஈயின் முட்டைகளையும் குஞ்சுகளையும் இரையாக்குகின்றன. மெல்லிய காம்பின் நுனியில் ஒற்றை முட்டையாக ஓலையில் நின்றுகொண்டிருப்பவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். பூச்சிமுட்டை என்று எண்ணி அவற்றை நசுக்கிவிடாதீர்கள்.

குளவியே இல்லாவிட்டால் எங்கிருந்து கொண்டுவருவது?

குளவி வளரும் கருத்த குஞ்சுகளைத் தாங்கிய ஓலைத் துண்டுகளை, ஈ மிகுந்த மரத்தின் ஓலைகளில் பொருத்துவதுதான் முறை. தோப்புகளுக்கு ஏக்கருக்கு 10 துண்டுகள் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஒரு தெருவில் உள்ள சில மரங்களுக்கு ஒன்றிரண்டு துண்டுகளே போதும். ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் குளவி நன்கு பெருகிய மரம் இருந்தால் அங்கிருந்தும் எடுக்கலாம். உயிருள்ள ஈயோ வெள்ளைச் சுருள் முட்டைகளோ இல்லாத பகுதியைத் தேர்ந்து வெட்ட வேண்டும். வெளியூரிலிருந்து நாமாக ஓலை கொண்டுவருவது கூடாது. குளவியோடு வேறு பூச்சியும் வந்துவிடும்.

வீட்டைச் சுற்றி வாழை, கல்வாழை, சீத்தா போன்றவற்றை மருந்தடிக்காமல் வளர்த்தால் குளவி ஆண்டு முழுவதும் தங்கிப் பெருக அவை இடம் தரும். இவற்றிலும் ஈ வருமே என்று தயங்குபவர்கள் உண்டு. சிறிதளவு ஈ இருந்தால்தான் குளவி பட்டினி கிடக்காமல் பிழைத்திருக்கும். ஈயை முற்றாக ஒழிப்பது நம் நோக்கமுமன்று, நம்மால் ஆகக்கூடியதுமன்று.

தண்ணீர் பீய்ச்சி அடிப்பது பயன் தருமா?

தரும். வீட்டு மரத்துக்கு நான் முதலில் சொல்லும் முறை இதுதான். விசையாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாயையோ விசைத்தெளிப்பானையோ கொண்டு, ஓலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். பெரிய ஈக்களும் இளங்குஞ்சுகளும் விழுந்துவிடும், பிசுபிசுப்பும் கழுவப்படும். காலை வேளை நல்லது. ஓலை மாலைக்குள் காய்ந்துவிடும். குட்டை மரங்களுக்கும் கன்றுகளுக்கும் இதுவே போதுமானது. உயர்ந்த மரங்களுக்கு, மரம் ஏறுபவர் தேங்காய் பறிக்க ஏறும்போது குழாயை மேலே கொண்டுசென்று அடிக்கச் சொல்லலாம். கருத்த குஞ்சுகள் மிகுந்த ஓலைகளில் மட்டும் விசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் ஒட்டும் பொறியை எப்படிக் கட்டுவது?

மஞ்சள் நிறம் இந்த ஈயைக் கவரும். கடையில் விற்கும் பொறியும் பயன்படும். மஞ்சள் நிறப் பாலித்தீன் தாளை அளவாக வெட்டி இருபுறமும் விளக்கெண்ணெய் தடவினாலும் அதே பயன் கிடைக்கும். ஐந்தடி நீளமும் ஒன்றரை அடி அகலமுமான தாளைத் தண்டில் ஏறக்குறைய ஆறடி உயரத்தில் கட்டுவார்கள். ஏக்கருக்கு 10 என்பது தோப்புக்கணக்கு. வீட்டு மரத்துக்கு ஒன்று போதும். தூசியும் ஈயும் படிந்து ஒட்டும் தன்மை போனதும் துடைத்துவிட்டு எண்ணெயை மீண்டும் தடவ வேண்டும்.

மரத்தில் குளவி நன்கு பெருகிய பிறகு பொறியைக் கழற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஒட்டும் தாளுக்கு நண்பன், பகைவன் என்ற வேறுபாடு தெரியாது.

வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

குளவி தென்படாத, தண்ணீர் பீய்ச்சியும் குறையாத, கடுமையான தாக்குதலுக்கு மட்டும் அடிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது தண்ணீரில் கலப்பதற்குச் சிறிதளவு சோப்புக் கரைசலும் சேர்த்து நன்கு கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு ஓலையின் அடிப்பக்கத்தில் படும்படி தெளிக்க வேண்டும். கிணற்றையும் தொட்டியையும் முன்னதாக மூடிவிடுங்கள். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதற்காக வாராவாரம் அடிப்பதும் தவறுதான். அதுவும் நன்மை செய்யும் பூச்சிகளைத் தொந்தரவு செய்யும்.

ஈயைத் தாக்கும் ஐசேரியா ஃபூமோசோரோசியா என்ற பூசணத்தைப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஈரப்பதம் மிகுந்த காலத்தில் அது நன்றாக வேலை செய்யும். வறண்ட கோடையில் பலன் குறைவு.

ஓலையில் படிந்த கருமையை எப்படி நீக்குவது?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவு என்ற கணக்கில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சிப் பசைக் கரைசலாக்கி, ஆறவிட்டு, வடிகட்டி, கருத்த ஓலையின் மேற்பக்கத்தில் தெளிக்க வேண்டும். சில நாள் வெயிலில் அந்தப் பசை காய்ந்து ஏடு ஏடாக உரிந்து விழும்போது பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

பூசணக்கொல்லி மருந்து தேவையில்லை. பிசுபிசுப்பு சொட்டுவது நின்றால் கருமை தானாகவே மறைந்துவிடும். கேரளத்தில் லியோக்ரைனஸ் நீல்கிரியானஸ் என்ற சிறு வண்டு இந்தக் கரும்பூசணத்தைத் தின்று ஓலையைத் துப்புரவாக்குவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கருத்த மட்டைகளை வெட்டிப்போட்டால் என்ன?

வெட்டக் கூடாது, இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும்தான் பாளை வருகிறது. பச்சை மட்டையை வெட்டினால் அந்தக் குலையின் உணவையும் தாங்கலையும் வெட்டுகிறோம். பச்சைக் காயத்தின் வாடை சிவப்புக் கூன்வண்டை இழுக்கும். மேலும், கீழ்மட்டைகளில்தான் குளவி வளரும் கருத்த குஞ்சுகள் மிகுந்திருக்கும். அவற்றை வெட்டி எரிப்பவர், தமக்காக உழைக்கும் படையையே எரிக்கிறார். மின்கம்பியில் உரசுகிறது என்பதுபோல் தவிர்க்க முடியாத காரணத்துக்காகப் பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால், தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். காய்ந்து தொங்கும் மட்டைகளை வழக்கம்போல் நீக்கலாம்.

உரம், தண்ணீர் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?

நலமான மரம் ஈயின் தாக்குதலைத் தாங்கி நிற்கும். வீட்டு மரங்கள் பல உரமே காணாதவை. சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டுத் தண்டை மட்டும் விட்டுவைத்த மரங்களும் பல. தளத்தை இயன்ற அளவு பெயர்த்து, தண்டிலிருந்து ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இதை இரண்டாகப் பிரித்து, ஜூன்–ஜூலையிலும் டிசம்பர்–ஜனவரியிலும் மண் ஈரமாக இருக்கும்போது இட வேண்டும். கோடையில் தண்ணீர் தவறக் கூடாது. பாத்தியில் தேங்காய் மட்டையும் காய்ந்த ஓலையும் பரப்பினால் ஈரம் நிற்கும்.

இளநீர் குடிக்கலாமா? பிசுபிசுப்பு கிணற்றில் விழுந்தால் ஆபத்தா?

குடிக்கலாம். ஈயோ பூசணமோ காயின் உள்ளே போவதில்லை. சொட்டும் கழிவு வெறும் சர்க்கரைப் பிசின், நஞ்சன்று. ஆனாலும் தண்ணீர்த் தொட்டியையும் கிணற்றையும் மூடிவைப்பது பொதுவாகவே நல்லது. வண்டியிலும் மாடித் தளத்திலும் படிந்த பிசினைக் காய்வதற்கு முன் சோப்புத் தண்ணீரால் கழுவினால் எளிதில் போய்விடும்.

புதிதாகத் தென்னங்கன்று வாங்கும்போது எதைக் கவனிப்பது?

ஒவ்வோர் ஓலையையும் திருப்பிப் பார்த்து, சுருள் தடமோ மெழுகுப் பஞ்சோ இருந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள். குட்டை வகைகளும் வீரிய ஒட்டு வகைகளும் நெட்டை வகைகளைவிடக் கூடுதலாகத் தாக்கப்படுகின்றன. கையெட்டும் உயரத்தில் காய்க்கிறது என்பதற்காகக் குட்டை வகையை விரும்புபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. உயரம் குறைவு என்பதால் தண்ணீர் பீய்ச்சுவதும் எளிது. தோரணத்துக்கும் பந்தலுக்கும் வெளியூரிலிருந்து கொண்டுவரும் கீற்று, வாழைமரம் ஆகியவற்றின் வழியாகவும் ஈ பயணம் செய்யும். விசேஷம் முடிந்ததும் அவற்றைத் தெருமுனையில் வாரக்கணக்கில் போட்டுவைக்காமல், உடனே மட்கு குழியில் போட்டு மூட வேண்டும்.

நாங்கள் கவனித்தாலும் பக்கத்து வீட்டில் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண்தானே?

முழுவதும் வீணாகாது. ஆனால், ஈக்கும் குளவிக்கும் மதில்சுவர் ஒரு தடையன்று என்பது உண்மை. பக்கத்து வீட்டார் எதுவும் செய்யாமல் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. அவர்களுடைய மரத்தில் குளவி வளரும். அவர்கள் மருந்து அடித்தால்தான் உங்கள் மரத்துக்கும் இழப்பு. எனவே, தெருவில் முதலில் பேச வேண்டியது மருந்தை நிறுத்துவதைப் பற்றித்தான். வாய்ப்பேச்சைவிட ஓலைத் துண்டையும் கைலென்சையும் கையில் கொடுத்துக் கருத்த குஞ்சையும் வட்டத் துளையையும் நேரில் காட்டுவது பலன் தரும். பார்த்தவர்கள் பெரும்பாலும் மருந்தடிக்க யோசிப்பார்கள். தண்ணீர் பீய்ச்சும் விசைத்தெளிப்பானை நான்கைந்து வீட்டார் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, மரம் ஏறுபவரை ஒரே நாளில் எல்லா மரங்களுக்கும் ஏற்பாடு செய்தால் செலவும் குறையும்.

ஓலையில் வெள்ளை ஈ இருக்கிறது, ஆனால் சுருள் தடம் இல்லை. அது வேறு பூச்சியா?

இருக்கலாம். 2018 முதல் தென்னையில் வேறு அயல்நாட்டு வெள்ளை ஈக்களும் கண்டறியப்பட்டுள்ளன. மெழுகால் சிறு பறவைக்கூடு போல் அமைத்து அதனுள் அமரும் கூடுகட்டும் வெள்ளை ஈக்கள் கேரளத்தில் முதலில் தென்பட்டன. குஞ்சுகள் கருநிறத்தில் வெள்ளை விளிம்போடு நெருக்கமாக அப்பியிருக்கும் பனை வெள்ளை ஈ 2019-இல் கர்நாடகத்தின் மாண்டியா பகுதியில் கண்டறியப்பட்டது. பனை வெள்ளை ஈயின் குஞ்சு இயல்பாகவே கருமை என்பதால், அதைக் குளவி தாக்கிய குஞ்சு என்று எண்ணிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் சுருள் தடம் உண்டா என்று பாருங்கள். இவற்றுக்கும் மருந்தைத் தவிர்ப்பது, தண்ணீர் பீய்ச்சுவது, மரத்தைப் பேணுவது ஆகிய வழிகளே பொருந்தும்.

யாரிடம் உதவி கேட்பது?

உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை முதலில் அணுகுங்கள். வெறும் கையோடு போகாமல், ஓலையின் ஒரு துண்டை மூடிய பாலித்தீன் உறையில் இட்டுக் கொண்டுசெல்லுங்கள். அடிப்பக்கத்தை நெருங்கி எடுத்த படம் ஒன்றும், முழு மரமும் குருத்தும் தெரியும் படம் ஒன்றும் கைப்பேசியில் இருக்கட்டும். மருந்து அடித்திருந்தால் எந்த மருந்து, எப்போது அடித்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குளவி ஏன் இல்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மருந்தை நிறுத்திய பிறகு குளவி திரும்பி வர ஒரு பருவம்கூட ஆகலாம். அதுவரை தண்ணீர் பீய்ச்சுவதையும் மஞ்சள் பொறியையும் தொடருங்கள்.